சாம்பல் நிறப் போர்டும் இரண்டு ராமும்

பிப்ரவரி 3, செவ்வாய்

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முழங்கையைக் கொஞ்சம் தூக்கினாலும் வெளிச்சம் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குப் போய்விடும். அதனால் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பரவாயில்லை, படிக்கப் போவது நான்தானே.

இன்று காலை என் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையை அப்பா பார்த்துவிட்டார். அதில் பென்சிலால் ஒரு மதர்போர்டு வரைந்து வைத்திருந்தேன். ப்ராசஸர் உட்காரும் சதுரம், பக்கத்தில் மெமரி செருகும் நீளப் பள்ளங்கள், ஓரத்தில் கரண்ட் வரும் இடம், எல்லாம் அளவு பார்த்துப் போட்டது. எனக்கே பெருமையாக இருந்த படம்.

அப்பா திட்டவில்லை. அவர் திட்டவே மாட்டார். அதுதான் பயம். புத்தகத்தை மூடி என் முன்னால் வைத்தார். "பரீட்சை முடியிற வரைக்கும் நீ கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது" என்றார். அவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அந்தக் குரலில் அவர் ஒன்று சொன்னால் லாரி டிரைவர்களே எதிர்த்துப் பேச மாட்டார்களாம். நான் எம்மாத்திரம்.

ஆனால் கம்ப்யூட்டர் இருப்பதே எங்கள் அறையில், அக்காவின் மேசையில்தான். கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டினால் தொடலாம். நீட்டவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

அக்கா இன்று என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். துணி எடுக்க என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு.

விஷயம் இதுதான். அனிமேஷன் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோ அவளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறது. ஒரு குட்டிப் படம் செய்து மார்ச் முதல் திங்கட்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வேலை. இல்லாவிட்டால் அப்பா தன் கிடங்கிலேயே கணக்குப் பிரிவில் அவளுக்காகச் சொல்லி வைத்திருக்கும் இடம். அது கெட்ட வேலை ஒன்றுமில்லை. ஆனால் நேற்று அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவள் அப்படி அமைதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

படத்தின் கதை எனக்குத் தெரியும். ஒரு தெருவிளக்கு. விடிந்த பிறகும் அணைய மாட்டேன் என்கிறது. மழை பெய்துகொண்டே இருக்கிறது. ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம் வேண்டும், ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் உட்கார்ந்து வரைய வேண்டும். எங்கள் பழைய பெட்டி ஒரு படத்தை வரைந்து முடிப்பதற்குள் நான் குளித்து, சாப்பிட்டு, ஜடை போட்டு, ரிப்பன் தேடி, கட்டியும் முடித்துவிடலாம். மழை வரும் காட்சிகளில் செருப்பையும் துடைத்துவிடலாம். இந்தக் கணக்கில் போனால் படம் முடிவதற்குள் அந்த விளக்கே துருப்பிடித்துவிடும்.

அக்காவின் காலேஜ் தோழி தன் பழைய ப்ராசஸரை இவளுக்குக் கொடுத்திருக்கிறாள். பழையது என்றால் அவளுக்குப் பழையது. வேகத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதிக்கும் நல்ல வகை. அதற்கேற்ற மதர்போர்டும் மெமரியும் வாங்க வேண்டும். அக்கா சேர்த்து வைத்திருப்பது ஒரு தடவைக்குத்தான் போதும். தப்பாக வாங்கினால் அவ்வளவுதான்.

"எலி, எனக்கு வரையத்தான் தெரியும். இத நீதான் பாத்து சொல்லணும்" என்றாள்.

எலி நான்தான். சின்ன வயதில் மேசைக்கு அடியில் ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேனாம்.

அப்பா சொன்னதைச் சொன்னேன். "பக்கத்துலதான் போகக் கூடாதுன்னாரு. யோசிக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள் அக்கா. வக்கீலுக்குப் படித்திருக்கலாம் இவள்.

சரி என்றேன். துணி எடுக்கவே மறந்து படி இறங்கினேன். பயமா, சந்தோஷமா என்று தெரியவில்லை. அவள் மாமாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மாமாவிடம் கேட்காமல் இருக்க முடியுமா? இன்று அவரே வந்துவிட்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடைவீதியில் சார்ஜர், போன் உறை, கம்ப்யூட்டர் எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவதாக இருந்தாலும் மாமாவைக் கேட்டுத்தான் மாற்றுவார்கள்.

போனில் ஒரு போர்டின் படத்தைக் காட்டினார். கறுப்பு நிறம், விளிம்பெல்லாம் வண்ண விளக்கு. "கண்ண மூடிட்டு இத வாங்கு. கடைக்கு வர்ற பசங்க எல்லாம் இதத்தான் கேக்குறாங்க." அப்பாவும், அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்றார். நான் கூடத்து மூலையில் இயற்பியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை அவர் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்டின் பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு அக்காவின் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், தாழ்ப்பாள் போட்டு, அந்தப் போர்டின் கையேடு முழுவதையும் படித்தேன். நாலு நாளாக இதே வேலைதான். எனக்கு வயிறு சரியில்லை என்று முடிவு கட்டிய அம்மா, ஒரு கசப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு, குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். குடித்தேன். கலைக்காக.

கண்டுபிடித்ததை எழுதுகிறேன். ப்ராசஸரின் வேகத்தைக் கூட்டினால் அது அதிகக் கரண்ட் கேட்கும். அந்தக் கரண்டை அளந்து, சீராக, சிந்தாமல் ஊட்டுவது போர்டில் ப்ராசஸரைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்னக் கட்டைகள். ஊட்டுகிறவர்களுக்கே காய்ச்சல் வந்தால் குழந்தை என்ன ஆகும்? அதனால் அவற்றின் மேல் சூடு வாங்கும் கனமான உலோகம் இருக்க வேண்டும். மாமாவின் போர்டில் அந்த இடத்தில் இருப்பது பளபள மூடி மட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே பாதி காலி. விளக்குக்குச் செலவு செய்துவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தோழியின் ப்ராசஸர் அந்தப் போர்டுக்குப் பிறகு சந்தைக்கு வந்தது. போர்டின் பயாஸை, அதாவது கம்ப்யூட்டர் முழுதாக விழிப்பதற்கு முன்னால் விழிக்கும் அந்தச் சின்ன மூளையை, புதுப்பித்தால்தான் அது இந்த ப்ராசஸரை அடையாளம் காணும். புதுப்பிப்பதற்கு ஏற்கெனவே அதற்குத் தெரிந்த ஒரு ப்ராசஸர் வேண்டும். அதற்கு நாங்கள் எங்கே போவது?

எனக்குப் பிடித்தது வேறொன்று. சாம்பல் நிறம். கூரைத் தகடு மாதிரி இருக்கிறது. ஒரு விளக்கு கிடையாது. ஆனால் ஊட்டும் கட்டைகள் அதிகம், அவற்றின் மேல் தடித்த உலோகம். பின்பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது, ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அமைப்பில் ஏதாவது சொதப்பினால் பழையபடி ஆக்க இன்னொரு பொத்தான். சொதப்புகிறவர்களை நினைத்துச் செய்த போர்டு. எனக்காகவே செய்தது.

பிப்ரவரி 11, புதன்

மெமரி விஷயத்தில் அக்காவோடு சண்டை. கிசுகிசுச் சண்டைதான், அப்பா பக்கத்து அறையில் இருந்தார்.

அவளுக்கு இருப்பதிலேயே வேகமான ராம், அதாவது மெமரிப் பட்டை, வேண்டுமாம். நான் சொன்னது: போர்டு செய்தவர்களே எந்தெந்த ராமைச் செருகிச் சோதித்தோம் என்று வெளியிட்டிருக்கிறார்கள், அதில் இருப்பதுதான் வேண்டும். உச்ச வேகத்துக்கு ஒரு படி கீழே. ஒரே டப்பாவில் ஜோடியாக வரும் இரண்டு. ஜோடியாக வருபவை ஒன்றாகவே சோதித்து அனுப்பப்பட்டவை. இரண்டிலும் நல்ல கொள்ளளவு இருந்தால் மற்ற இரண்டு பள்ளங்களும் காலியாகவே இருக்கட்டும்.

"பள்ளம் நாலு இருக்கே. ரெண்ட சும்மா விடுறதா? பல்லு விழுந்த மாதிரி இருக்கும்டி."

"நாலும் போட்டா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். சண்டை வந்தா எல்லாம் மெதுவாயிடும். இல்லன்னா தப்புத் தப்பா ஞாபகம் வச்சுக்கும்."

"தப்பா ஞாபகம் வச்சா என்ன ஆகும்?"

"உன் தெருவிளக்குக்கு மூக்கு முளைக்கும்" என்றேன்.

அவள் சிரித்ததில் கட்டில் ஆடியது. அப்பா இருமினார். இரண்டு பேரும் செத்த மாதிரி படுத்துக்கொண்டோம்.

எவ்வளவு வேகம் ஓடும் என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. எவ்வளவு வேகத்தில் விழாமல் ஓடும் என்று பார்ப்பதுதான் என் வேலை. இந்த வாக்கியத்தை நானே யோசித்தேன். நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆர்டர் போட்டாயிற்று. என் போர்டு, என் ராம். இன்றைக்கு நிஜமாகவே வயிறு சரியில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

வந்துவிட்டது. பூட்டிவிட்டோம். எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாமல் தூங்க முடியாது.

அப்பாவுக்கு மாலை ஷிஃப்ட். அம்மா அவசரமாகத் தைத்துக் கொடுக்க வேண்டிய துணிகளோடு கூடத்தில் மெஷினில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி தைத்தாள். பயாஸைப் பென் டிரைவிலிருந்து புதுப்பித்தேன். ப்ராசஸரை அக்கா வைத்தாள், அவளுக்குக் கை நடுங்காது. ராமை நான் செருகினேன். ப்ராசஸரிலிருந்து எண்ணி வந்தால் இரண்டாவதும் நாலாவதும். பக்கத்துப் பக்கத்தில் செருகக் கூடாது, கையேட்டில் படமே போட்டிருக்கிறது. டக் என்ற சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்விட்ச் போட்டோம். மின்விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

கறுப்பு.

இன்னும் கறுப்பு.

அக்காவின் முகம் மாறியது. ஸ்விட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். புது மெமரியை முதல் தடவை பார்க்கும்போது போர்டு அதோடு பழக வேண்டும், எவ்வளவு வேகமாகக் கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும், அதுவரை திரையில் ஒன்றும் வராது. நடுவில் அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதெல்லாம் படித்திருந்தேன். ஆனால் படித்தது வேறு, கறுப்புத் திரை முன்னால் நிற்பது வேறு. பொய்யா இருந்தா? ஒருவேளை நான் உடைச்சிருந்தா? அந்த டக் சத்தம் வேற சத்தமா?

"எலி, விடு. வலிக்குது."

விடவில்லை. கூடத்தில் தையல் மெஷின் நின்றுவிட்டது. அம்மா காது கொடுத்துக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

அப்புறம் வெள்ளை எழுத்து வந்தது. போர்டின் பெயர், ப்ராசஸரின் பெயர், மெமரியின் அளவு. சரியாக நாங்கள் வாங்கிய அளவு.

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அக்காவின் மணிக்கட்டில் என் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவள் அதை எனக்குக் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன்.

பிப்ரவரி 21, சனி

வேகத்தைக் கூட்டினேன். நான். இந்தக் கையால்.

ஒரு படி ஏற்றுவது, சோதனை ஓட்டுவது, சூடு பார்ப்பது. மறுபடி ஒரு படி. ஓரிடத்தில் சோதனை தவறு காட்டியது. அக்கா, கொஞ்சம் மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதையும் தாண்டுமே என்றாள், இரண்டு நாளில் இவளும் பேசக் கற்றுக்கொண்டாள். தாண்டும்தான். ஆனால் நான் கீழே இறங்கினேன். நன்றாக ஓடிய கடைசிப் படிக்கும் ஒரு படி கீழே. சாம்பல் போர்டின் உலோகத்தைத் தொட்டுப் பார்த்தேன், பால் தம்ளர் சூடு, அவ்வளவுதான். நிதானமான ஆள்.

மழைக் காட்சியில் ஒரு படம் வரையச் சொல்லிவிட்டு ஜடை போட உட்கார்ந்தேன். ரிப்பன் கட்டுவதற்கு முன்னால் படம் முடிந்துவிட்டது.

அக்கா என் தலையில் தன் தாடையை வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் தெருவில் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் நீளமாக விழுந்திருந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

மாமா அம்மாவிடம் ஒரு டப்பா கொடுத்து அனுப்பியிருக்கிறார். உள்ளே இரண்டு ராம், வண்ண விளக்கோடு. "என் போர்டத்தான் வாங்கல. இதயாவது பிள்ளைங்க போட்டுக்கட்டும்" என்றாராம். வேறு கம்பெனி, வேறு வேகம். அலமாரியில் வைக்கச் சொன்னேன். அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வருகிறார்.

நாளையிலிருந்து பள்ளியில் திருப்புதல் தேர்வு, மாலையிலும் வகுப்பு. பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இனி அதில் வேலை இல்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

பெட்டி விழுந்துவிட்டது.

நான் வீட்டுக்குள் நுழையும்போதே அக்கா வாசலில் நின்றாள். நேற்றும் இன்றும் நடுவில் தானாக அணைந்து எழுந்ததாம். வரைந்து முடித்த படங்களில் சிலவற்றில் பச்சையாகப் புள்ளி, ஒன்றில் விளக்கின் பாதியையே காணோம். இருப்பது இரண்டே நாள்.

நான்தான். நான் கூட்டின வேகம்தான். ஒரு படி இறங்கினேனே, ரெண்டு இறங்கியிருக்கணும். எதுக்கு இந்தப் பெருமை எனக்கு? கலையாம் கலை.

உடனே பார்க்கவும் முடியாது. அப்பா கூடத்தில், என் எதிர் நாற்காலியில். நான் இயற்பியல் புத்தகத்தை விரித்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். "கூட்டிய வேகத்தை முழுவதும் நீக்கி, ப்ராசஸரை அதன் இயல்பான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர் பத்துப் படங்களை மட்டும் சோதிக்க வேண்டும்."

அறைக்குள் அக்கா கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்பா பேப்பரை இறக்கினார்.

"இது எந்தப் பாடம்?"

"இயற்பியல்ப்பா."

பேப்பர் மறுபடி மேலே போனது. உள்ளங்கை ஈரத்தில் புத்தக அட்டை வழுக்கியது.

சாப்பிடும்போது அக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். வேகத்தை முழுவதும் எடுத்தபிறகும் புள்ளி வருகிறது.

அப்படியென்றால் என் வேகம் காரணமில்லை. அப்படியென்றால் என்ன? போர்டே போயிற்றா?

அவள் இப்போது தூங்கவில்லை. மூச்சில் தெரிகிறது. நானும் தூங்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 28, சனி

இப்போது கோபமாக எழுதுகிறேன், நிப் உடைந்தால் உடையட்டும்.

அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட். அவர் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டியதும் பெட்டியை நிறுத்தி பயாஸைத் திறந்தேன். மெமரியின் அளவைப் பார்த்தேன். நாங்கள் வாங்கியதைப் போல ஒன்றரை மடங்கு.

இது என் மெமரி இல்லையே.

பெட்டியின் கண்ணாடிப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. திருப்பினேன். நாலு பள்ளமும் நிரம்பியிருந்தன. என் சாம்பல் ராம் இரண்டோடும் மாறி மாறி மாமாவின் ராம் இரண்டும் சிவப்பும் ஊதாவுமாக மின்னிக்கொண்டிருந்தன.

அக்காவைப் பார்த்தேன். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்தா மொதல்ல அதத்தானே பாப்பான். அலமாரியில கிடந்தா மனசு நோகாதா?" என்றாள் அம்மா. "ஏற்கனவே அவன் சொன்ன போர்ட வேண்டாம்னுட்டீங்க."

அக்கா சொன்னாள், அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தாளாம். புதன்கிழமை போட்டிருக்கிறாள். போட்டதும் திரை ரொம்ப நேரம் கறுப்பாக இருந்ததாம், நான் சொல்லிக் கொடுத்தபடி பொறுமையாகக் காத்திருந்தாளாம். நான் சொல்லிக் கொடுத்தபடி! அதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா?

கத்தவில்லை. கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. மாமாவின் இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்தேன். பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். மெமரி சோதனையை ஒருமுறை முழுதாக ஓடவிட்டேன், தவறு ஒன்றுமில்லை. வேகத்தையும் பழையபடி கூட்டினேன். அக்கா வேண்டாம் என்றாள், பயந்துபோயிருந்தாள். கூட்டாவிட்டால் திங்கட்கிழமைக்குள் முடியாது என்றேன். அதன்மேல் தவறில்லை, அதைத் தண்டிக்கக் கூடாது.

பழுதான படங்களை எல்லாம் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு மறுபடி வரைய வைத்தோம். ஒன்று, இரண்டு, பத்து. சுத்தம். விளக்கு முழுசாக இருக்கிறது.

ஆனால் நாளை இரவு வரை நிற்காமல் ஓடினால்தான் கணக்கு சரிவரும். நாளை மாமா வருகிறார். அவர் வந்து போகும்வரையாவது அந்த இரண்டையும் போட்டு வைக்கக் கூடாதா என்று அம்மா கேட்டாள். முடியாது என்றேன். அம்மாவிடம் முடியாது என்று இதற்கு முன்னால் சொன்னதாக ஞாபகம் இல்லை.

யார் எடுத்தது என்று கேட்பார். கம்ப்யூட்டரையே தொடக் கூடாத பெண் எடுத்தாள் என்று அப்பா முன்னால் எப்படிச் சொல்வது?

மார்ச் 1, ஞாயிறு

மாமா செருப்பைக் கழற்றியதும் நேராக எங்கள் அறைக்குத்தான் வந்தார். பின்னால் அப்பா. அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பெட்டியைத் திருப்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "எங்க நான் குடுத்தது?"

மேசையில் டப்பா இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போடத் தெரியலையா? என்கிட்ட சொல்லக் கூடாதா? ஒரு நிமிஷ வேலை." சொல்லிக்கொண்டே பெட்டியை அணைக்கக் கையை நீட்டினார்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. பெட்டிக்கும் அவர் கைக்கும் நடுவில் நின்றிருந்தேன்.

"அணைக்காதீங்க மாமா. படம் ஓடுது."

"எலி, தள்ளு" என்றார் மாமா.

"நான்தான்ப்பா…" என்று அக்கா ஆரம்பித்தாள். அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று புரிந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். மாமாவிடம் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். "போர்டு நான் பாத்ததுப்பா. ராமும் நான்தான். வேகம் கூட்டினதும் நான்தான்."

பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டேன்.

மாமாவின் முகம் இறுகியது. இத்தனை வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எனக்குப் பாடம் எடுக்கிறதா என்று கேட்டார். கேட்டது அப்பாவிடம். நான் பழுதான படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். பாதி விளக்கு. பச்சைப் புள்ளி மழை. பக்கத்திலேயே இரண்டு ராமோடு நேற்று வரைந்த அதே படம். முழு விளக்கு.

அப்பா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏன் அப்படி ஆகுது?" என்றார்.

சொன்னேன். ஒவ்வொரு ஜோடியும் ஒரு தாளத்துக்குப் பழகியது, நாலையும் சேர்த்து ஒரே தாளத்துக்கு ஓட்டினால் ஒன்று தடுமாறும், தடுமாறும்போது வைத்த எண் மாறிப்போகும் என்று.

அப்பா திரையிலிருந்து நிமிர்ந்தார். "ஒரே லோடுல வந்த பெட்டிங்கள எவ்வளவு உயரத்துக்கும் அடுக்கலாம். நடுவுல வேற கம்பெனி பெட்டி ரெண்டு வச்சா, அளவு ஒண்ணாவே இருந்தாலும் சரியும். அதானே?"

"அதேதான்ப்பா."

"அவ சொல்றது சரி மச்சான்" என்றார் மாமாவிடம்.

மாமா டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை சின்னது, டப்பா பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டார், ஆனால் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அது வலிக்கிறது. ஆனாலும் மறுபடி நின்றால் அதே இடத்தில்தான் நிற்பேன்.

அப்பா தூங்கப் போகும்போது அறை வாசலில் நின்றார். "நாளைக்கு என்ன பரீட்சை?" என்று மட்டும் கேட்டார். இயற்பியல் என்றேன். "அதுல இது வராது" என்றார். அவர் உதட்டோரம் அசைந்த மாதிரி இருந்தது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

மார்ச் 2, திங்கள்

மதியத்துக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டாள். ஒரு புள்ளி இல்லை.

மார்ச் 13, வெள்ளி

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தபோது அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள், போன் முழுக்க எண்ணெய். கிடங்கில் பெண் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டதாக அப்பா சாப்பிடும்போது சொன்னார், உப்பு குறைவு என்று சொல்வது போல. அம்மா என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள். அது எனக்கும் அவளுக்கும் சமாதானம்.

படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்தில் அக்கா தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டிருக்கிறாள். எலி என்று இல்லை. முழுப்பெயர்.

ஏப்ரல் 18, சனி

பரீட்சை முடிந்தது. இயற்பியல் நன்றாக எழுதினேன்.

அக்கா ஸ்டூடியோ வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அங்கே அவளுக்கு வேறு கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்களாம், நம்முடையது மாதிரி நிதானம் இல்லை என்று குறை சொல்கிறாள். சாம்பல் போர்டு என்னிடம். மேசையும்.

இன்று மதியம் மாமா போன் செய்தார். அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னார். கடையில் ஒரு வாடிக்கையாளரின் பெட்டி அடிக்கடி விழுகிறதாம். நாலு ராம் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பக்கம் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "வர்றியா, வந்து பாக்கிறியா?" என்றார்.

இப்போதும் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழக்க தோஷம், நோட்டை மூடிவிட்டேன். பிறகு திறந்து வைத்துக்கொண்டேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"கிடங்கு ஆபீசுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. ஒரு பில் போட அரை நாள் ஆகுது. அதுக்கும் இந்த போர்டு போட்டு வேகம் கூட்டலாமா?"

"பில் போட வேகம் கூட்ட வேண்டாம்ப்பா. போர்டும் மாத்த வேண்டாம். அதுக்கு ஏத்த ராம் ஜோடியா வாங்கிப் போட்டாலே போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தலையை ஆட்டினார். திங்கட்கிழமை தன்னோடு வரச் சொன்னார். போகும்போது ஸ்விட்சில் கை வைத்து, "விளக்க அணைக்கட்டா?" என்றார்.

"வேண்டாம்ப்பா. எழுதிட்டிருக்கேன்."

சரி என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.